கொருக்குப்பேட்டை விலாசம்

யாரையும் சுலபத்தில் நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. மீன்காரி கெண்டையைத் தூக்கிக் காட்டினால் செவுளைப் பிரித்துப் பார்ப்பேன். பால்காரன் சத்தியம் செய்தால் அன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்று தீர்மானித்துவிடுவேன். என்னோடு வேலை பார்த்த பெண்கள் எனக்குப் போலீஸ்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இந்தக் குணம் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. என் அண்ணன் துறைமுகத்தில் கரி இறக்கும் வேலையில் இருந்தான். யுத்தம் முடிந்த சமயத்தில் இரண்டு வருஷம் இருமினான். அம்மா அக்கம்பக்கத்தில் ஆஸ்துமா என்று சொன்னாள். அப்பா பீடிப் புகை என்று சொன்னார். உறவுக்காரர் யாராவது வந்தால் அண்ணனைப் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்கள் கிளம்பும்வரை அவன் அங்கே கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பான். அவன் செத்த பிறகும் விஷக்காய்ச்சல் என்றுதான் எல்லோருக்கும் சொன்னோம். நானும் சொன்னேன். இந்த நோய் புகுந்த வீட்டில் ஒருவர் பாக்கி இல்லாமல் பொய் சொல்வார்கள் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பிறகு அம்மாவும் அப்பாவும் போய், நான் தனியாளாகி, ஹெல்த் விசிட்டர் படிப்பு முடித்தேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு காசநோய் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எங்கள் எல்லை. மருந்து வாங்குகிறவர்களின் விலாசப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா, சளி துப்ப டப்பா வைத்திருக்கிறார்களா, பக்கத்தில் படுக்கிறவர் யார் என்று பார்த்து எழுத வேண்டும். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. என் குடை ஒரு சந்துக்குள் திரும்பியதும் யார் வீட்டுக்கு என்று பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குடையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

எங்கள் டாக்டர் அறையில் வடசென்னையின் வரைபடம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. புதிதாக ஒரு நோயாளி பதிவானால் அவர் விலாசம் இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய கொருக்குப்பேட்டையில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். சடையங்குப்பம், நெட்டுக்குப்பம் எல்லாம் சிவந்திருக்கும். தெற்குச் சீமையிலிருந்து வந்து மிளகாய், கருப்பட்டி, பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டைத் தெருக்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். யாராவது பெரிய மனிதர்கள் பார்க்க வந்தால் டாக்டர் பென்சிலால் அந்த இடங்களைத் தொட்டுக் காட்டுவார்.

"செல்வம் ஏறுகிற இடத்தில் இந்த நோய் இறங்குகிறது. வேறு விளக்கமே தேவையில்லை" என்பார்.

அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற வீடுகளை நான் தினமும் பார்த்தேன். அடுப்புப் புகை போக வழியில்லாத அந்த அறையில் ஒருவன் இருமினால் மற்ற ஆறு பேரும் அதைத்தான் மூச்சாக இழுக்க வேண்டும். வயிற்றுக்குச் சரியாகக் கிடைக்காத உடம்பில் நோய் சட்டென்று வேர் பிடித்துவிடும். இதெல்லாம் சரி. பணக்காரத் தெருவில் புள்ளி குறைவாக இருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றுகூடவா இருக்காது? அங்கே இருக்கிறவர்களுக்கு நுரையீரல் கிடையாதா? ஒருநாள் டாக்டரிடம் கேட்டே விட்டேன். அவர்கள் டவுனில் தனி டாக்டரிடம் போவார்கள், சிஸ்டர் என்று சிரித்தார். பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் திருப்தி வரவில்லை.

இப்படி இருக்கும்போது பட்டியலில் கொருக்குப்பேட்டை விலாசம் ஒன்று வந்தது. பத்தொன்பது வயதுப் பெண், இடது நுரையீரலில் ஓட்டை. வாரம் இரண்டு நாள் நிலையத்துக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு மாத்திரை வாங்கிப் போகிறாள். அப்பா இல்லை. அம்மா வீட்டு வேலை செய்கிறவள். காலையில் நான் வெளியே சுற்றுகிற நேரத்தில்தான் ஊசி போடுவார்கள் என்பதால் நிலையத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை. கூட்ஸ் யார்டு சுவரை ஒட்டிய சந்தில் அவள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

அம்மாக்காரி மட்டும் இருந்தாள். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"பொண்ணு எங்கம்மா?"

"வேலைக்குப் போயிகீறாம்மா."

"நெஞ்சுல ஓட்டைய வெச்சிகினு இன்னா வேலை?"

"இப்ப பரவால்லம்மா. மருந்து சாப்டுகினு கீறா."

மாத்திரை டப்பாவைக் காட்டச் சொன்னேன். மகள் கையோடு எடுத்துப் போய்விட்டாள் என்றாள். சளி டப்பா எங்கே என்றேன். அதுவும் மகளிடம்தான் இருக்கிறதாம். சளி டப்பாவை யாராவது வேலைக்கு எடுத்துக்கொண்டு போவார்களா? அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் குடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தக் காலத்தில் இந்த மருந்துக்கு இருந்த தட்டுப்பாடு கொஞ்சநஞ்சமல்ல. இலவசமாக வாங்கி வெளியே விற்கிறவர்கள் இருந்தார்கள். இவளும் அவர்களில் ஒருத்தி என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. அப்போது அதைக் கடமை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய், அந்தப் பொண்ணு ராத்திரியில இருமுதா என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? நல்லாத்தானே கீது. ஏம்மா, இன்னாத்துக்குக் கேக்கறே?"

"ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

வெள்ளைப் புடவைக்காரி சும்மா கேட்கமாட்டாள் என்பது அந்தச் சந்துக்கே தெரியும். அத்தோடு நான் நிற்கவும் இல்லை. மகள் வேலை செய்த கோணிக் கிடங்கையும் தேடிப் போனேன். துறைமுகத்திலிருந்து வரும் கிழிந்த சாக்குகளைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற கொட்டகை அது. தூசு புகைபோலப் பறந்துகொண்டிருந்தது. மேஸ்திரி ஒரு பெண்ணைக் காட்டினான். நல்ல கறுத்த, பல் வரிசையான பெண். கோணி ஊசியை இழுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நோயாளி உடம்பு அல்ல அது. சந்தேகம் உறுதியாகிவிட்டது. அந்தப் பொண்ணு அடிக்கடி லீவு போடுதா, இருமுதா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். இல்லையே என்றவன் என் புடவையை ஏற இறங்கப் பார்த்தான். மறுவாரமே அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். குழாயடியில் மற்றவர்கள் இவர்கள் குடத்தைத் தனியாகத் தள்ளி வைத்தார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த முறை போனபோது அம்மாக்காரியை நேராகவே கேட்டேன்.

"மருந்த எங்க விக்கிறே? சொல்லிடு. இல்லன்னா சீட்டக் கிழிச்சிடுவேன்."

"கிழிக்காதம்மா. உன் கால்ல உயுந்து கேக்கறேன். ஒரு உசிரு போயிடும்" என்றாள். யாருடைய உயிர் என்று சொல்லவில்லை. நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போடும் நாளில் சுற்றுக்குப் போகாமல் நிலையத்துக்கு எதிரே இருந்த சோடாக் கடையில் நின்றேன். ஒன்பது மணிக்கு அம்மாக்காரி வந்தாள். கூடவே முகத்தில் பாதியை முந்தானையால் மூடிய ஒரு பெண். சாயம் போன புடவைதான் கட்டியிருந்தாள். ஆனால் அந்தக் குதிகாலில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. ரயிலடிச் சந்தில் நடந்து வளர்ந்த கால் அப்படி இருக்காது. கோணிக் கிடங்கில் நான் பார்த்த பெண்ணும் இல்லை இவள். ஊசி முடிந்து இரண்டு பேரும் வெளியே வந்து, ஒரு தெரு தள்ளிப் போய் அங்கே காத்திருந்த ரிக்‌ஷாவில் ஏறினார்கள். நான் இன்னொரு ரிக்‌ஷா பிடித்துப் பின்னால் போனேன்.

ரிக்‌ஷா வண்ணாரப்பேட்டையில், டாக்டர் வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் தெருக்களில் ஒன்றில் போய் நின்றது. கீழே மிளகாய் மூட்டைகள் அடுக்கிய மண்டி, மேலே வீடு. படியேறிப் போய் நின்றேன். என்னைத் தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. மாடி அறையில் மூன்று பக்கமும் ஜன்னல். கட்டிலுக்குப் பக்கத்தில் பால் சொம்பு, வேகவைத்த முட்டை, மூடி போட்ட சளிக் கிண்ணம். ஊசி போட்டுக்கொண்டு வந்த பெண் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தது கோணிக் கிடங்குப் பெண்.

"வேலை போச்சும்மா. அதான் இவங்கள பாத்துக்க வந்துட்டேன்" என்று சிரித்தாள். யாரால் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வீட்டுக்கார அம்மாள் எனக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, பிறகு அழுதார்.

"ஒத்தப் பிள்ளைம்மா எங்களுக்கு. மதுரைப் பக்கம் பேசி வச்சிருக்கு. வெளிய தெரிஞ்சா இவளை யாரு கட்டுவாக?"

"தனி டாக்டர்கிட்ட போயிருக்கலாமே."

"டவுன்ல உள்ள டாக்டருக எல்லாம் எங்க ஆளுக வீட்டுக்கு வந்து போறவுகதான். மருந்துக் கடைக்காரரே எங்களுக்குச் சொந்தம். ஒரு சீட்டு எழுதினாப் போதும், ஊருக்கே தெரிஞ்சு போகும்."

அதற்காகத்தான் வேலைக்காரியின் மகள் பெயரிலும் விலாசத்திலும் தங்கள் பெண்ணைப் பதிந்திருக்கிறார்கள். அந்தத் தெருவின் நோய், கொருக்குப்பேட்டைச் சந்தில் புள்ளியாக விழுந்திருக்கிறது. இவள் ஒருத்திதானா, இன்னும் எத்தனை பேரோ என்று நினைத்தேன். திரும்பும்போது அம்மாக்காரி தெருமுனைவரை கூட வந்தாள். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். புருஷன் செத்தபோது கைக்குழந்தையோடு நின்றவளுக்குச் சோறு போட்ட வீடு அது. அந்தப் பெண்ணையும் இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறாள்.

"பேரத்தானேம்மா குடுத்தேன். பேரு இன்னா, தேஞ்சா போயிடும்?" என்றாள்.

நான் டாக்டரிடம் சொல்லவில்லை. மருந்து தேவைப்பட்ட ஒரு பெண்ணுக்குத்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டிலில் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணின் கழுத்தெலும்பைப் பார்த்தபோது அண்ணன் ஞாபகம் வந்ததும் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில் ஒரு ருசி இருந்தது. பெரிய மனிதர்கள் வந்து அந்த வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டும்போது நான் மூலையில் நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அன்று அந்த மாடியில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விசிறியை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கோணிக் கிடங்குப் பெண்ணை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நான் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன், கிண்ணத்தை வெந்நீரில் கொதிக்க வைக்கச் சொன்னேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் அவள் அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறாள்.

மாடிப் பெண் மூன்று மாதத்திலேயே சதை போட்டாள். பாலும் முட்டையும் ஓய்வும் மூன்று ஜன்னல் காற்றும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்தன. ஒன்றரை வருஷத்தில் சீட்டில் குணமடைந்தார் என்று எழுதி மூடினார்கள். கடைசி எக்ஸ்ரேயில் இடது பக்கத்து ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. தை மாதம் கல்யாணமாகி மதுரைப் பக்கம் போய்விட்டாள்.

அந்த ஆனி மாதம் அம்மாக்காரி நிலையத்து வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"என் பொண்ணு இருமிகினே கீறாம்மா. ஒரு நட வந்து பாரேன்."

"எந்தப் பொண்ணு? இப்ப எந்த வூட்டுப் பொண்ணுக்குப் பேரு குடுத்துகீறே?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி நடந்துவிட்டாள். ஒரு தடவை ஏமாற்றினவள் மறு தடவையும் வருவாள் என்று எனக்குத் தெரியாதா? நான் ஏமாறவில்லை என்ற திருப்தியோடு அன்றைய சுற்றை முடித்தேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனேன். அந்தச் சந்துக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், மகளை ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தாள். மகள் மடியில் ஒரு துண்டு இருந்தது. துண்டெல்லாம் ரத்தம். பல் வரிசை மட்டும்தான் பழைய பெண்ணாக இருந்தது. குமாஸ்தா பெயரையும் விலாசத்தையும் கேட்டு, பழைய சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் தேடி எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார். புதிதாக எடுத்த படமும் வந்தது. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குத் தினமும் நூறு முகம். ஊசி போடும் கம்பவுண்டருக்கோ கைதான் தெரியும், முகம் தெரியாது. ஆள் மாறியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"இடது பக்கம் ஆறிவிட்டது. இப்போது வலது பக்கம் வந்திருக்கிறது. ஒன்றரை வருஷம் முழு மருந்தும் சாப்பிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு அதே மருந்து வேலை செய்யாது. இருக்கிற மருந்து புதியவர்களுக்கே போதவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

படுக்கைக்குக் காத்திருந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நின்றே செத்தவர்களை நான் பட்டியலிலிருந்து அடித்திருக்கிறேன். ஒரு மாத்திரைகூடத் தொட்டிராத பெண் இவள். நான் இப்போது பேசாவிட்டால் இவளுக்கு மருந்து கிடையாது. பேசினேன்.

"டாக்டர், பழைய படம் இந்தப் பெண்ணுடையது இல்லை. வேறு ஒருத்தி இவள் பெயரில் வந்து மருந்து சாப்பிட்டாள்."

டாக்டர் அம்மாக்காரியைப் பார்த்து உண்மையா என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

மகள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சிஸ்டர், இவர்கள் உங்களுக்கு வேண்டியவர்களா?"

"இல்லை."

"இத்தனை நாளாகத் தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?"

மருந்து வாங்கிக் கொடுப்பதற்காக நான் கதை கட்டுகிறேன் என்று அவர் நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். பழைய படத்துக்குச் சொந்தக்காரியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அம்மாக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். இன்னா பொம்பள நீ, பெத்த பொண்ணு சாவுறா, வாயத் தொறக்கமாட்டேங்கிறியே என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள். பெயரைக் கொடுத்த அன்றைக்கு அந்த வீட்டில் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். தன் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். வெளியே சொன்னால் அது மகள் உயிரை எடுத்துவிடும் என்று நம்புகிறாள்.

"நான் சொன்னா இது பூடும்மா. நீ சொல்லு. நீ சொன்னா சத்தியம் தாக்காது" என்றாள்.

நான் சொன்னதை யார் நம்பினார்கள்? நேரே வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அந்த அம்மாள் இந்தத் தடவை கதவை முழுதாகத் திறக்கவில்லை. மதுரைக்குக் கடிதம் போட்டுப் பெண்ணை ஒரே ஒரு நாள் வரவழையுங்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு அனுப்பிவிடுகிறேன், வெளியே தெரியாது என்று கெஞ்சினேன்.

"எங்க பிள்ளைக்கு ஒண்ணுமே வந்ததில்லையேம்மா. யாரோ உங்கட்ட தப்பாச் சொல்லியிருக்காக. அவ இப்ப மாசமா இருக்கா, நல்லாத்தான் இருக்கா."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. என் அம்மா இதே குரலில்தான் ஆஸ்துமா என்று சொல்வாள். அதனால் எனக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

நான் குடியிருந்த ராயபுரம் வேறு ஒரு நிலையத்தின் எல்லையில் இருந்தது. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நிலையத்தில் என் தங்கை என்று சொன்னேன். புதிதாக ஒரு பெயர் சொன்னேன், என் விலாசத்தைச் சொன்னேன். இதற்கு முன் மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தச் சீட்டில் விலாசத்தைத் தவிர அது ஒன்றுதான் உண்மை. மருந்து கொடுத்தார்கள். எத்தனை வருஷமாக இப்படிப்பட்டவர்களைப் பிடித்துக்கொடுக்க அலைந்தேன் என்று அன்று நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் வாரம் அந்த நிலையத்து ஹெல்த் விசிட்டர் என் வீட்டுக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட மோசமான சந்தேகக்காரி. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், மாத்திரைகளைக் கொட்டி எண்ணினாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஜாடையே இல்லையே என்றாள். போகிறபோது பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஏதோ கேட்டுவிட்டுப் போனாள். அந்த மாதக் கடைசியில் வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார். அதே எல்லைக்குள் இன்னொரு வீடு தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே நோய், அதே மருந்து. மாடிப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் ஏறிய சதை இவளுக்கு ஒரு வருஷமாகியும் ஏறவில்லை. என் சம்பளத்தில் தினம் ஒரு முட்டை வாங்க முடிந்தது, பால் அரைப்படி. கோணித் தூசும் பட்டினியும் ஏற்கெனவே தின்றது போக மீதிதான் என் கைக்கு வந்திருந்தது. எங்கள் டாக்டர் வரைபடத்தைக் காட்டிச் சொன்ன பேச்சின் அர்த்தம் எனக்கு என் வீட்டுக்குள்ளேதான் முழுதாகப் புரிந்தது. ஆனாலும் பிழைத்துக்கொண்டாள். சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்த அன்று அந்த நிலையத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். வலது நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. இனி விரியாது, குடம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, குழந்தை பெறுவதும் யோசித்துத்தான் என்றார். ஒரு நாலு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னார்.

அந்த நாலு மாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதில் பாதியையாவது வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று மனசு தேடியது. அம்மாக்காரி அந்த மிளகாய் மண்டி வீட்டில்தான் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தாள். வேலை முடிந்து தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் வெளியே கேட்டது.

"ஆனி மாசம் நான்தான் உன்ன வெரட்டினேன். ஒத்துக்கறேன். அப்புறம் ஏன் நீ வரல? நாலு மாசம் இன்னா பண்ணிகினு இருந்தே?"

அவள் நிமிரவில்லை.

"வந்து இன்னாம்மா பண்றது? இருமல்னு சொன்னேன், நீ நம்பல. ஜுரம்னு சொன்னாலும் நம்பமாட்டே. ரத்தம் வந்தா நம்புவேன்னு நெனச்சேன். அதான் வரட்டும்னு பாத்துகினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் என்னைப் பற்றி நினைத்தது சரிதான். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன்.